ஆண் பிள்ளை தங்காத வீடு

(மலேசியாவின் சிகாமட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



குப்பன், பிச்சை, மூக்காயி. இந்த மூன்று பெயர்களிலிருந்து தொடங்குகிறேன். இன்று யாரும் தம் பிள்ளைக்கு இப்படிப் பெயர் வைப்பதில்லை. பழைய தோட்டத்து ஆள் கணக்கேட்டை, செக்ரோலைப் புரட்டினால் பக்கத்துக்கு ஒருவராவது இருப்பார். பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்துச் செத்துப்போன வீட்டில், அதற்குப் பின் பிறந்த பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுப்பார்கள், அது குப்பன். இன்னொருத்தியிடமிருந்து பிச்சையாக வாங்கியதாகப் பாவனை செய்வார்கள், அது பிச்சை. மூக்கில் ஓட்டை போட்டு ஊனப்படுத்துவார்கள். அது மூக்கன், மூக்காயி. யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமன் விட்டுவிடுவான் என்பது நம்பிக்கை. அதனால் ஒரு குப்பனைப் பார்த்தால் அவனுக்கு முன்னால் பெயர்கூட வைக்கப்படாமல் போன இரண்டு மூன்று குழந்தைகள் இருந்தார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

என் அப்பாவின் பெயர் பிச்சை. லாபிஸ் பக்கத்துத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். அவருக்கு முன்னால் மூன்று ஆண் பிள்ளைகள் பிறந்து இறந்தன. இடையில் பிறந்த இரண்டு பெண்கள், என் அத்தைமார், நோய் நொடியில்லாமல் வளர்ந்தார்கள். 'ஆண் பிள்ளை தங்காத வீடு' என்று லயத்தில் பேர். அந்தப் பேரைச் சுமந்தவர் என் அப்பாயி. கண் வைத்தவர் யார், எந்தச் சாமிக்கு நேர்ந்ததை விட்டார், எந்த நேரத்தில் தலை குளித்தார் என்று கேட்டார்களே தவிர, பிள்ளைகளுக்கு என்ன செய்தது என்று யாரும் கேட்கவில்லை. குழந்தை மருத்துவம் படித்த நானும் பல வருடங்கள் கேட்காமலே இருந்துவிட்டேன்.

ஒன்றை உடனே சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் குழந்தைகள் இறந்ததற்குப் பரம்பரைக் குறையைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. மலேரியா, வயிற்றுப்போக்கு, நிமோனியா, பாலில்லாத தாய், தண்ணீர்க் குழாய் இல்லாத லயம் எல்லாம் இருந்தன. சுதந்திரம் பெற்ற 1957-இல்கூட மலாயாவில் உயிரோடு பிறந்த 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 75 ஒரு வயதைத் தாண்டவில்லை. இன்று அது 10-க்கும் கீழே. வெள்ளம் வடிந்தால்தானே ஆற்றின் அடியில் கிடக்கும் கல் தெரியும். எல்லாப் பிள்ளைகளும் செத்துக்கொண்டிருந்த காலத்தில், பிறவியிலேயே நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த பிள்ளையைத் தனியாகப் பார்க்க முடியாது.

உலகத்துக்கும் அப்படித்தான் தெரிந்தது. 1952-இல் ஆக்டன் புருட்டன் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், வாஷிங்டன் வால்டர் ரீட் மருத்துவமனையில் ஒரு 8 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். 4 ஆண்டுகளில் 19 முறை ரத்தத்தில் கிருமி பரவிப் படுத்தவன் அவன். ஒவ்வொரு முறையும் மருந்து கொடுத்தார்கள், எழுந்தான், வீட்டுக்குப் போனான், மறுபடி வந்தான். பென்சிலின் வருவதற்கு முந்திய தலைமுறையில் அந்தப் பையன் முதல் தடவையோ இரண்டாம் தடவையோ செத்திருப்பான். காரணம் 'நிமோனியா' என்று எழுதியிருப்பார்கள். 19 முறை பிழைத்ததால்தான் 19 என்ற எண்ணிக்கை கிடைத்தது. அவன் ரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்த்தபோது, காமா குளோபுலின் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. கிருமியை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புப் புரதம் அந்த உடம்பில் உற்பத்தியே ஆகவில்லை. மற்றவர்கள் ரத்தத்திலிருந்து எடுத்த அந்தப் புரதத்தை மாதாமாதம் ஊசியாகப் போட்டார் புருட்டன். கிருமி பரவுவது நின்றது.

இந்தக் குறைக்குக் காரணமான பிடிகே என்ற மரபணு 1993-இல் கண்டறியப்பட்டது. அது இருப்பது எக்ஸ் குரோமோசோமில். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது தாங்கிக்கொள்ளும். ஆணுக்கு ஒன்றுதான், அதுவும் தாயிடமிருந்து வருவது. பழுதைச் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வோர் ஆண் பிள்ளைக்கும் அது வர இரண்டில் ஒரு வாய்ப்பு. ஒவ்வொரு பெண்ணும் அம்மாவைப் போல் நோயில்லாமல் சுமப்பவளாக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. 'ஆண் பிள்ளை தங்காத வீடு' என்று லயத்தில் சொன்னது பழியாக இருந்தது உண்மைதான். ஆனால் அதற்குள் ஒரு மரபியல் உண்மை ஒளிந்திருக்க வாய்ப்பு உண்டு. தாயின் உடம்பு வழியாக வருவது தாயின் குற்றம் ஆகாது. இதை இந்த மேடையிலிருந்து உரக்கச் சொல்ல வேண்டும் என்றுதான் வந்தேன்.

இந்தப் பிள்ளைகள் பிறந்தவுடன் நன்றாகவே இருப்பார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாய் தன் எதிர்ப்புப் புரதத்தை நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்குக் கொடுத்தனுப்புகிறாள். அந்தச் சீதனம் ஏறத்தாழ ஆறு மாதம் வரை காக்கும். பிறகுதான் காதில் சீழ், நெஞ்சுச் சளி, நிமோனியா என்று வரிசை தொடங்கும். பிள்ளை உட்காரப் பழகும் காலம், பல் முளைக்கும் காலம் அது. அதனால் எல்லாப் பழியும் பல் மேல் விழும். "பல்லு மொளைக்குது, அதான் காய்ச்சல்" என்று சொல்லாத பாட்டி உண்டா?

சீழைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், முகம் சுளிக்காமல் கேளுங்கள். கிருமியோடு போரிட்டுச் செத்த வெள்ளை அணுக்களின் குவியல்தான் சீழ். அது வருகிறது என்றால் உடம்பு சண்டை போட்டிருக்கிறது என்று பொருள். பிறவிக் குறை ஒன்றில் சீழ் வரவே வராது. வெள்ளை அணுக்கள் ரத்தத்தில் ஏராளமாக ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் ரத்தக் குழாயின் சுவரைப் பற்றிக்கொண்டு வெளியே இறங்கத் தேவையான கொக்கி அவற்றுக்கு இல்லை. புண் சிவக்கும், கறுக்கும், அழுகும், சீழ் கட்டாது. இதற்கு முதல் அடையாளம் தொப்புளில் தெரியும். தொப்புள்கொடி காய்ந்து விழவும் வெள்ளை அணுக்கள் அந்த இடத்துக்கு வர வேண்டும். வழக்கமாக ஒன்றிரண்டு வாரத்தில் விழுந்துவிடும். முப்பதாம் நாள் தொட்டிலில் போடும்போதும் விழாமல், சுற்றிலும் சிவந்து ஈரமாக இருந்தால், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கொடி விழுந்த நாளை நினைவில் வைத்திருப்பவர்கள் பாட்டிமார்தாம். எந்த ஸ்கேனும் தராத தகவல் அது.

இன்னொரு குறை நேர்மாறானது. வெள்ளை அணு சரியாக வந்து சேரும், கிருமியை விழுங்கவும் விழுங்கும். கொல்ல முடியாது. விழுங்கிய கிருமியை எரிக்க ஆக்ஸிஜனிலிருந்து ஒருவகை நெருப்பை மூட்டும் நொதி அதனிடம் இல்லை. அடுப்பே எரியாத சமையல்கட்டு மாதிரி. விழுங்கப்பட்ட கிருமி உள்ளேயே வாழும். உடம்பு அதைச் சுற்றிச் சுவர் எழுப்பும். நிணநீர்க் கட்டி, கல்லீரலில் கட்டி, நுரையீரலில் கட்டி என்று ஊரெல்லாம் சுவர். நீடித்த கிரானுலோமா நோய் என்று இதற்குப் பெயர். 1950-களின் கடைசியில் மின்னசோட்டா மருத்துவர்கள் இதை விவரித்தபோது, 'பிள்ளைகளைக் கொல்லும் கிரானுலோமா நோய்' என்றே எழுதினார்கள். இதிலும் பெரும்பகுதி எக்ஸ் குரோமோசோம் வழியே ஆண் பிள்ளைகளுக்கு வருவது. கண்டுபிடிக்கும் பழைய சோதனை எளிமையானது: ஒரு மஞ்சள் சாயத்தோடு வெள்ளை அணுக்களைக் கலப்பார்கள். நெருப்பு மூட்டத் தெரிந்த அணு அதைக் கருநீலமாக்கும். இந்தப் பிள்ளைகளின் அணுவில் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும்.

இந்த நோயைப் பற்றிச் சிகாமட்டில் பேசுவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. மலாக்கா வீழ்ந்தபின் தப்பி வந்த பெண்டஹாரா, சுல்தானின் முதல் மந்திரி, இந்த ஆற்று நீரைக் குடித்துவிட்டு 'செகார் அமாட்', மிகக் குளுமை, என்று சொன்னதால்தான் ஊருக்கு இந்தப் பெயர் என்பார்கள். அதே ஆறு 2006 டிசம்பரிலும் 2011-இலும் 2023 மார்ச்சிலும் நம் வீடுகளுக்குள் வந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளம் வடிந்ததும் சேற்றை வாரிக் கொட்டுவோம். பிள்ளைகள் அதில் விளையாடும். அந்தச் சேற்றில், இந்த வெப்பநாட்டு மண்ணிலும் நீரிலும், மற்றவர்களைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் குடியிருக்கும் சில பாக்டீரியாக்கள் உண்டு. வெள்ளை அணுவில் நெருப்பில்லாத பிள்ளைக்கு அவை எமன்.

அவற்றில் ஒன்று ஊதா நிறத்தில் வளரும். ஆய்வுக்கூடத் தட்டில் கத்தரிப்பூ நிறத்தில் படரும். பார்க்க அழகாக இருக்கும். குரோமோபாக்டீரியம் வயலேசியம் என்று பெயர். அது மனிதரைத் தாக்கியதாக உலகில் முதன்முதலில் பதிவானது நம் மலாயாவில்தான், 1927-இல், லெஸ்லார் என்ற மருத்துவர் எழுதினார். தோலில் சிறு காயம் வழியே நுழைந்து, கல்லீரலில் கட்டி போட்டு, ரத்தத்தில் பரவிச் சில நாளில் கொல்லக்கூடியது. அமெரிக்காவின் தென்கிழக்கில் இந்தக் கிருமி தாக்கிய பிள்ளைகளைப் பின்தொடர்ந்த மருத்துவர்கள் 1982-இல் ஒரு தொடர்பைக் காட்டினார்கள்: அவர்களில் சிலருக்கு நீடித்த கிரானுலோமா நோய் இருந்தது. அதனால்தான் சொல்கிறேன், ஒரு பிள்ளையின் ரத்தத்தில் ஊதாக் கிருமி வளர்ந்தால் கிருமியை மட்டும் பார்த்து மருந்து எழுதிவிட்டு அனுப்பக் கூடாது. அந்தப் பிள்ளையின் வெள்ளை அணுவையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று மெலியோய்டோசிஸ் கிருமி. 1911-இல் ரங்கூன் பொது மருத்துவமனையில் விட்மோர் என்ற நோயியல் மருத்துவரும் அவருடைய உதவியாளர் கிருஷ்ணசாமியும் இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்தபோது கண்டது. 1912-இல் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. நோய்க்கு வைத்ததோ விட்மோர் நோய் என்ற பெயர். கிருஷ்ணசாமியின் பெயர் உதிர்ந்துபோயிற்று. இங்கே நம் நாட்டிலிருக்கும் தமிழ் மருத்துவ மாணவர்களாவது அந்தப் பெயரைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் 1913-இல் ஆய்வுக்கு வளர்த்த கினிப் பன்றிகள் கூட்டமாகச் செத்தபோது பிளெட்சர் என்ற மருத்துவர் இதே கிருமியைப் பிடித்தார். சக ஆய்வாளர் ஸ்டான்டனும் அவரும் 1921-இல் மெலியோய்டோசிஸ் என்ற பெயரைச் சூட்டினார்கள். ஆக இந்த நோய்க்குப் பெயர் வைத்த மண் நம் மண். இது பெரும்பாலும் நீரிழிவு உள்ள பெரியவர்களைத் தாக்குவது. நீடித்த கிரானுலோமா நோய் உள்ளவர்களையும் தாக்கியது பதிவாகியிருக்கிறது.

கிரானுலோமா நோய் உறுதியான பிள்ளையின் வீட்டாருக்கு நாங்கள் சொல்வதெல்லாம் தோட்டப்புற வாழ்க்கைக்கு நேர் எதிரானது: வெள்ளச் சேற்றில் இறங்க விடாதீர்கள், உரக்குழிப் பக்கம் விடாதீர்கள், மக்கிய தழையைக் கிளற விடாதீர்கள். மக்கிய தழையிலிருந்து கிளம்பும் பூஞ்சைத் தூள் மூச்சில் போனால் அவன் நுரையீரல் ஒரே வாரத்தில் கெட்டுப்போகலாம். செம்பனைக் காட்டுக்குள் வாழும் தாயிடம் இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கும் பார்வையை எனக்குத் தெரியும். அவளுக்குத் தாமானில், டவுன் குடியிருப்பில், வீடு இல்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது பிசிஜி. நம் நாட்டில் பிறந்தவுடன் போடும் காசநோய்த் தடுப்பூசி. ஆயிரமாயிரம் பிள்ளைகளைக் கொடிய காசநோயிலிருந்து காப்பாற்றியது. அதன் மேல் சந்தேகத்தைக் கிளப்ப நான் வரவில்லை. அது பலவீனப்படுத்தப்பட்ட உயிருள்ள பாக்டீரியா. சில பிறவிக் குறைகள் உள்ள பிள்ளைக்கு அதையும் அடக்கத் தெரியாது; ஊசி போட்ட இடத்திலிருந்து அக்குளுக்கும், எலும்புக்கும், உடம்பு முழுவதற்கும் பரவும். ஊசிக்குப் பின் அக்குளில் சிறு நெறி கட்டுவது வேறு, அது பெரும்பாலும் தானே அடங்கும். மூத்த பிள்ளை கைக்குழந்தையிலேயே கடும் தொற்றால் இறந்திருந்தால், அடுத்த பிள்ளைக்கு பிசிஜி போடும் முன் பிரசவ வார்டிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். தாதியரிடம் சொல்லத் தயங்க வேண்டாம். ஊசியைச் சில வாரம் தள்ளி வைத்துச் சோதித்துவிட்டுப் போடலாம்.

சொந்தத்தில் கட்டுவதைப் பற்றிப் பேசாமல் விட்டால் இந்தப் பேச்சு நேர்மையாக இருக்காது. மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று முறை பார்த்துக் கட்டியவர்கள் நம் பெற்றோர். சீழ் வராத அந்த நோயும், ஆக்ஸிஜன் நெருப்பு மூட்டாத நோயில் ஒரு பகுதியும், தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரே பழுது வந்து சேர்ந்தால்தான் வெளிப்படும். ஒரே பாட்டனிடமிருந்து இறங்கியவர்களுக்கு ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுதல். தாய்மாமன் அக்கா மகளைக் கட்டும்போது அது மாமன் மகளைக் கட்டுவதைவிட இரு மடங்கு. இருவரும் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். நோய் வந்த வீட்டில் 'சொந்தத்தில் கட்டியதால் வந்தது' என்று சண்டை மூட்ட இதைப் பயன்படுத்தாதீர்கள். எக்ஸ் வழியே வரும் நோய்க்கு இந்தப் பேச்சே பொருந்தாது. எந்த ஊரில் பெண் எடுத்தாலும் அது வரக்கூடும்.

எத்தனை பிள்ளைகள் இப்படி இருக்கிறார்கள்? யுனிவர்சிட்டி சைன்ஸ் மலேசியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள், 1979 முதல் 2020 வரை நம் நாட்டிலிருந்து மருத்துவ இதழ்களில் பதிவான பிறவி எதிர்ப்புக் குறை நோயாளிகளை எல்லாம் கூட்டிப் பார்த்தார்கள். 119 பேர். ஒரு லட்சம் மக்களுக்கு 0.37. நாற்பது ஆண்டுகளில், மூன்று கோடிக்கும் மேல் மக்கள் வாழும் நாட்டில், 119. இது நோய் குறைவு என்பதைக் காட்டும் எண் என்று நான் நினைக்கவில்லை. நாம் கண்டுபிடிக்காமல் விட்டவர்களின் நிழல் என்றே நினைக்கிறேன். 2022-இல் உலக நிபுணர் குழு வெளியிட்ட பட்டியலில் இத்தகைய பிறவிக் குறைகள் 485. இந்தியாவில் சண்டிகரிலும் மும்பையிலும் இதற்கென ஆய்வுக்கூடம் வந்த பிறகுதான் பிள்ளைகள் 'கிடைக்க' ஆரம்பித்தார்கள். அதுவரை அவர்கள் எங்கே இருந்தார்கள்? ஒவ்வொருவராக வெவ்வேறு வார்டில், வெவ்வேறு தேதியில், நிமோனியா என்ற பெயரில்.

ஒரே பிள்ளைக்குத் தோட்டத்து மருந்தாளரான டிரெசரிடம் ஒரு காய்ச்சல், டவுன் கிளினிக்கில் ஒரு காது வலி, அரசு மருத்துவமனையில் ஒரு நிமோனியா, ஜொகூர் பாரு சித்தி வீட்டுக்குப் போன இடத்தில் ஒரு கட்டி. ஒவ்வொரு மருத்துவரும் தன் முன் வந்த நோயைச் சரியாகவே குணப்படுத்தியிருப்பார். ஆனால் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தவர் யாரும் இல்லை. புருட்டனுக்கு 19 என்ற எண் கையில் இருந்தது. நம் பிள்ளைகளின் எண் நாலு இடத்தில் சிதறிக் கிடக்கிறது. இந்தச் சிகாமட் மாவட்டத்தில்தான் 2011 முதல் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் சீகோ திட்டத்தார் ஐந்து முக்கிம்களில், மாவட்டத்தின் உட்பிரிவுகளில், வீடு வீடாகப் போய் மக்களின் உடல்நலத்தைக் கணக்கெடுக்கிறார்கள். கதவைத் திறந்து பதில் சொல்லிப் பழகிய ஊர் இது. அதே கணக்கை ஒரு பிள்ளைக்காக ஒரு தாய் வைத்துக்கொள்ள முடியும். கிளினிக்கில் கொடுக்கும் குழந்தைப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் போதும். தேதி, என்ன நோய், எந்த மருந்து, எத்தனை நாள், மருத்துவமனையில் படுத்ததா.

பயந்துவிடாதீர்கள். பாலர் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு வருடத்தில் எட்டு முறை சளி பிடித்தாலும் அது வழக்கம்தான். ஒரே வருடத்தில் இரண்டு நிமோனியா, நாலு அல்லது அதற்கு மேல் காதில் சீழ், ஆழத்தில் திரும்பத் திரும்பக் கட்டி, இரண்டு மாதம் மருந்து கொடுத்தும் தீராத தொற்று, ஒரு வயதுக்குப் பின்னும் வாயில் ஆறாத வெள்ளைப் பூஞ்சைப் புண், எடை ஏறாமை, குடும்பத்தில் கைக்குழந்தைச் சாவு. இவை இருந்தால் கேளுங்கள். 15 வயதில் மகனை இழந்த அமெரிக்கப் பெற்றோர், மொடெல் தம்பதியர், 1987-இல் தொடங்கிய அறக்கட்டளை இந்த அடையாளங்களை உலகெங்கும் பரப்பியது. பெற்றோரின் துக்கத்திலிருந்து பிறந்த பட்டியல் அது. முதல் சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். ரத்த அணுக்களின் எண்ணிக்கையும், எதிர்ப்புப் புரதங்களின் அளவும் தெரிந்தாலே பாதி வழி வந்துவிட்டோம்.

கண்டுபிடித்தால் செய்ய வழி இருக்கிறது. எதிர்ப்புப் புரதம் இல்லாத பிள்ளைக்கு மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை அந்தப் புரதத்தை ஏற்ற வேண்டும், வாழ்நாள் முழுவதும். அது ஆலையில் செய்ய முடியாத மருந்து. ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்துதான் பிரித்தெடுக்க முடியும். நாம் இங்கே மண்டபத்திலும் கோயிலிலும் கொடுக்கும் ரத்தத்தின் பிளாஸ்மாவை நம் நாடு ஆஸ்திரேலியாவின் மெல்பர்னுக்கு அனுப்பிப் பிரித்துத் திரும்பப் பெற்று வந்திருக்கிறது. திருவிழா நாளில் நீங்கள் கை நீட்டிக் கொடுத்தது, நீங்கள் பிழைத்து வந்த நோய்களின் நினைவோடு, அம்மை, நிமோனியா எல்லாவற்றின் எதிர்ப்போடும், கடல் கடந்து போய்த் திரும்பி வந்து ஒரு பிள்ளையின் ரத்தக் குழாயில் இறங்குகிறது. இதைவிட நேரான உதவி எனக்குத் தெரியாது.

கிரானுலோமா நோய்க்குத் தினமும் கோட்ரிமாக்சசோல், பூஞ்சைக்கு ஒரு மருந்து. முடிந்தால் எலும்பு மஜ்ஜை மாற்று. பிறவி எதிர்ப்புக் குறைக்கு மஜ்ஜை மாற்றம் 1968-இலேயே மின்னசோட்டாவில் ராபர்ட் குட் செய்து காட்டியது. வேலூர் சிஎம்சியில் 1986 முதல் மஜ்ஜை மாற்றம் நடக்கிறது. சென்னையிலும் இந்தப் பிள்ளைகளுக்குச் செய்கிறார்கள். உடன்பிறந்தவர் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். மற்றவர்களுக்கு வெளியே தேட வேண்டும். தமிழ்ப் பிள்ளைக்குப் பொருந்தும் மஜ்ஜை, தமிழர் ஒருவரிடம் கிடைக்கும் வாய்ப்புதான் அதிகம். சென்னையில் 2009-இல் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவேடுகளில் கன்னத்தைத் துடைத்துப் பெயர் கொடுக்கும் இளைஞர்கள் எத்தனை பேரோ அத்தனை வாய்ப்பு.

போன மாதம் லாபிஸுக்குப் போய் என் பெரிய அத்தையைப் பார்த்தேன். எண்பதைத் தாண்டியவர். இத்தனை வருடம் கழித்து முதல் தடவையாகக் கேட்டேன்: "அத்தை, அந்த மூணு பிள்ளைங்களுக்கும் என்ன பண்ணிச்சு?" அவர் யோசிக்கவே இல்லை. "மூணும் உக்காந்து வெளையாடினதுக்கு அப்புறந்தான்யா போச்சு. காதுல சீழ் வழியும். அப்புறம் நெஞ்சு அடைச்சுக்கும்" என்றார். பிறகு விரலை மடக்கி, "பெக்கோக்குல இருந்த பெரியம்மாவுக்கும் ரெண்டு பையனுங்க அப்படித்தான்" என்றார். பெரியம்மா என்பது அப்பாயியின் கூடப் பிறந்த அக்கா. ஐந்து பையன்கள், ஒரு தாய் வயிற்றுச் சகோதரிகள் இருவர்.

என் அப்பா நலமாக வாழ்ந்தவர். அப்படியானால் அவரிடம் அது இல்லை, அவர் வழியில் எனக்கும் என் பிள்ளைகளுக்கும் வராது. போயிருந்தால் அத்தைமார் வழியில்தான் போயிருக்கும். பெரிய அத்தைக்கு மூன்றும் பெண்கள். அவர்களில் ஒருத்தியின் மகளுக்கு ஐப்பசியில் பிரசவம். ஐந்து பிள்ளைகளையும், தெரிந்த வயதையும், தெரிந்த நோயையும் ஒரு தாளில் எழுதினோம். பெயர் தெரியாத இடத்தில் 'ஆண்' என்று மட்டும் போட்டோம். அந்தத் தாள் இப்போது அவளுடைய கிளினிக் புத்தகத்துக்குள் இருக்கிறது.